கூடு, கதவு, ஜன்னல்: பெரம்பூர்–ஆவடி பாதையில் பெட்டி கட்டும் தொழில்

விமானத்தின் உடலும் இன்றைய ரயில் பெட்டியின் உடலும் ஒரே கட்டுமானக் கொள்கையில் பிறந்தவை. உள்ளே மெல்லிய சட்டங்கள், மேலே அவற்றோடு பிரிக்க முடியாதபடி இணைத்த தகடு. சட்டமும் தகடும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. தகட்டை உரித்துவிட்டால் சட்டம் தனியாக நிற்காது. சட்டத்தை எடுத்துவிட்டால் தகடு கசங்கிவிடும். இப்படிப்பட்ட கூட்டைக் கட்டுவது ஒரு கலை என்றால், அதில் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஓட்டை போடுவது அதைவிடக் கடினமான கலை. ஓட்டை போட்டதும் கூட்டின் வலிமை குறைகிறது. அந்த ஓட்டையின் வழியாகவே தண்ணீரும் தூசியும் காற்றும் உள்ளே வருகின்றன. சென்னையின் மேற்கே, பெரம்பூரில் தொடங்கி வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் வழியாக ஆவடி செல்லும் ரயில் பாதையின் ஓரத்தில் 1955 முதல் இந்தக் கலை ஒரு பெருந்தொழிலாக நடந்துவருகிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இதே பாதையில்தான். அன்றைய பெட்டிகள் மரத்தால் ஆனவை. இரும்பு அடிச்சட்டத்தின் மேல் தேக்குச் சட்டங்களை நிறுத்தி, பலகை அடித்து, கூரை வேய்ந்து முடிப்பார்கள். இழுவிசை, மோதல், பயணிகளின் எடை எல்லாவற்றையும் அடிச்சட்டம் ஒன்றே தாங்கும். மேலே இருந்தது, நகரும் மேடையில் வைத்த ஒரு மர அறை. தச்சர்களுக்கு அது பழகிய வேலை. பழுது பார்ப்பதும் எளிது. இந்த அமைப்பின் கொடுமை விபத்தில் தெரிந்தது. இரண்டு பெட்டிகள் மோதும்போது ஒன்றின் கனத்த அடிச்சட்டம் அடுத்ததன் மேல் ஏறி, மர அறையை நீளவாக்கில் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். மரம் தாங்காது, தீப்பிடித்தால் எரியவும் செய்யும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்திய ரயில் விபத்துகளில் உயிர்ச்சேதம் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தகடே பாரம் தாங்கும் கூடு என்ற எண்ணம் விமானத்திலிருந்து வந்தது. 1912-இல் பிரான்சின் டெபர்டுசன் நிறுவனம் மெல்லிய மரத் தாள்களை அடுக்கி ஒட்டி, உள்ளே குறுக்குக் கம்பிகள் இல்லாத உருளை உடல் கொண்ட பந்தய விமானத்தைக் கட்டியது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியப் பொறியாளர்கள் அதே எண்ணத்தை அலுமினியக் கலவைத் தகட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ரயில்காரர்களும் இதைக் கவனித்தபடியே இருந்தார்கள். அமெரிக்காவின் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் புள்ளி வெல்டிங் மூலம் இணைக்கும் முறையைக் கண்டது. அதன் வலிமையை உலகுக்குக் காட்ட 1931-இல் முழுவதும் துருப்பிடிக்காத எஃகால் ஆன விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டது. மூன்று ஆண்டுகளில் அதே முறையில் செஃபிர் ரயில் வந்தது. சுவிட்சர்லாந்தில் 1930களின் நடுவில் இலகு எஃகுப் பெட்டிகள் ஓடத் தொடங்கின. மலைநாட்டு ரயிலுக்கு எடை குறைவதே பெரிய லாபம். கூடு முழுதும் பாரம் தாங்கியதால் அடிச்சட்டத்தைக் கனமாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவிலும் விமானத்துக்கும் ரயில் பெட்டிக்கும் நேரடி உறவு உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், போர்க்காலம் முழுவதும் விமானங்களைப் பழுதுபார்த்தது. போர் முடிந்ததும் வேலை குறைந்தது. தகடு வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் தேர்ந்த கைகள் சும்மா இருந்தன. அந்தக் கைகளுக்கு 1940களின் இறுதியில் கிடைத்த வேலை, முழு உலோக மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகள். விமானத் தொழிற்சாலை ஒன்றில் ரயில் பெட்டி கட்டப்பட்டதை விந்தையாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் தேவைப்பட்ட கைத்திறன் ஒன்றே. அந்தப் பிரிவு பின்னர் 1964-இல் பிறந்த பி.இ.எம்.எல். நிறுவனத்துக்குப் போனது.

பெங்களூரின் உற்பத்தி நாட்டின் தேவைக்குப் போதவில்லை. 1949-இல் இந்திய அரசு சூரிச்சை அடுத்த ஷ்லீரன் ஊரின் சுவிஸ் கார் அண்ட் எலிவேட்டர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஷ்லீரன் வரைபடமும் தொழில்நுட்பமும் தரும். தொழிற்சாலை சென்னையில் அமையும். பெரம்பூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடைப்பட்ட நிலம் தேர்வானது. பெரம்பூரில் ஏற்கெனவே ரயில் பணிமனைகள் இருந்தன. உலோக வேலை தெரிந்த குடும்பங்கள் சுற்றிலும் வாழ்ந்தன. 1955 அக்டோபர் 2 அன்று ஜவஹர்லால் நேரு ஐ.சி.எஃப். எனப்படும் அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் சில மைல் தொலைவில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச மாதிரிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்திருந்தது. தொடக்கத் திட்டம் ஆண்டுக்கு 350 வெற்றுக் கூடுகள். இருக்கை, விளக்கு, மின்விசிறி, கழிவறை பொருத்தும் வேலை வேறு பணிமனைகளில் நடந்தது. அதற்கென ஐ.சி.எஃப்.-இன் சொந்தப் பிரிவு 1962 அக்டோபர் 2 அன்று தொடங்கியது.

ஷ்லீரன் கூடு கட்டும் வரிசையைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். முதலில் அடிச்சட்டம். பெட்டியின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் சோல்பார் எனும் விளிம்புச் சட்டங்கள். அவற்றின் இடையே நெளிநெளியாக மடித்த மெல்லிய தகட்டுத் தளம். நெளிந்த தகடு குறைந்த எடையில் நீளவாக்கு அழுத்தத்தைத் தாங்கும். இரு நுனிகளிலும், மோதலை வாங்கும் பஃபர்களைத் தாங்கும் கனத்த பகுதி. சக்கரத் தொகுதியான போகி மீது உட்காரும் இடத்தில் இன்னொரு கனத்த குறுக்குச் சட்டம். இரண்டு போகிகளுக்கும் இடையே சுமார் 14.8 மீட்டர். அவ்வளவு தூரம் தாங்கல் இல்லாமல் தொங்கும் பெட்டி, பாரம் ஏறியதும் நடுவில் தாழத்தான் செய்யும். அதனால் அடிச்சட்டத்தை ஜிக் எனும் பிடிசட்டத்தில் வைக்கும்போதே நடுப்பகுதியைச் சற்று மேல்நோக்கி வளைத்துப் பற்றவைக்கிறார்கள். பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகே பெட்டி நேராகிறது.

அடுத்து பக்கச் சுவர்கள். செங்குத்துத் தூண்கள், ஜன்னலுக்குக் கீழே ஒரு நீளச் சட்டம், மேலே ஒரு நீளச் சட்டம், கூரையைத் தொடும் இடத்தில் கேண்ட்ரெயில். இவற்றின் மேல் 2 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. கூரைத் தகடு இன்னும் மெலிது, 1.6 மில்லிமீட்டர். புள்ளி வெல்டிங் இயந்திரத்தின் இரண்டு செம்பு முனைகள் தகட்டையும் தூணையும் நெருக்கிப் பிடிக்க, மின்சாரம் பாய்ந்து அந்தப் புள்ளி உருகி ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய தகடு சூடுபட்டால் நெளியும். நெளிந்த இடத்தைக் கேஸ் சுடரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, உடனே நீர் விட்டுக் குளிர்வித்து இழுக்கவைப்பார்கள். எந்தப் பொட்டை எவ்வளவு நேரம் சுட வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லை. வில்லிவாக்கம், ஐயனாவரம், கொரட்டூர் வீடுகளிலிருந்து சைக்கிளில் வந்த இரண்டு மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் கண்ணாலும் கையாலும் கற்ற வித்தை அது. ஐ.சி.எஃப். வரலாற்றை எண்ணிக்கைகளாலும் திறப்பு விழாக்களாலும் எழுதுபவர்கள் இந்த வித்தைக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. அது பெரும் குறை.

அடிச்சட்டம், இரு பக்கச் சுவர், இரு முனைச் சுவர், கூரை ஆகியவை தனித்தனியே ஜிக்குகளில் உருவாகி, கடைசியில் ஒன்றாக நிறுத்திப் பற்றவைக்கப்படும். அந்தக் கணத்தில்தான் ஆறு துண்டுகளும் ஒரே குழாயாகின்றன. பஃபர் மட்டத்தில் 200 டன் அழுத்தத்தைத் தாங்குமாறு அந்தக் குழாய் வடிவமைக்கப்பட்டது. முனைச் சுவரின் தூண்கள் அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால், மோதலில் அடுத்த பெட்டி உள்ளே புகும் அபாயம் மரப் பெட்டியைவிட வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நீங்கிவிடவில்லை. திருகு இணைப்பும் பஃபரும் இருந்தவரை, கடும் மோதலில் பெட்டி பெட்டி மேல் ஏறுவது தொடர்ந்தது.

இந்தக் குழாயில் ஜன்னல் என்பது ஒரு சேதம். வெட்டப்படாத சுவர் ஓர் ஆழமான உத்தரம் போல வேலை செய்யும். ஜன்னல் வெட்டியதும் பாரம் அந்த ஓட்டையைச் சுற்றிப் போக வேண்டும். சுற்றிப் போகும் விசை மூலைகளில் நெருக்கியடித்துக் குவிகிறது. மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு குவிப்பு. வாசல் இன்னும் மோசம், ஏனெனில் அது தரைவரை சுவரை அறுத்துவிடுகிறது. வாசல்கள் பெட்டியின் இரு முனைகளில், போகிகளுக்கு அப்பால் அமைந்ததற்குப் பயணிகளின் வசதியோடு கட்டுமானமும் காரணம்: நடுப்பகுதியில்தான் வளைவு விசை அதிகம்.

ஐ.சி.எஃப். கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்த உண்மையை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே 2 அன்று சேவைக்கு வந்தது. சரியாக ஓராண்டு கழித்து ஒரு காமெட் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, புயலில் சிதறி, 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. ஃபார்ன்பரோ ஆய்வாளர்கள் ஒரு முழு விமான உடலை நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, பறப்புக்குப் பறப்பு அழுத்தம் ஏறி இறங்குவதைப் போல நீரை அழுத்தியும் தளர்த்தியும் பார்த்தார்கள். அதன் பழைய பறப்புகளையும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கியது ஒரு திறப்பின் மூலையில். உச்சியில் வெளிக்காற்று மெலிந்துபோக, உள்ளே பயணிகளுக்காக அழுத்தம் நிரப்பியிருந்த உடலில், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகடு ஒவ்வொரு பறப்பிலும் சிறிது உப்பியிருந்தது; மூலையில் களைப்பு சேர்ந்துகொண்டே வந்தது. கல்கத்தா விபத்தில் காரணம் வேறு: கடும் புயல் விமானத்தின் தாங்குதிறனை மீறியது. இந்த விசாரணைக்குப் பிறகு விமான ஜன்னல்கள் சிறுத்தன, மூலைகள் நன்கு வளைந்தன, ஒரு கிழிசல் பரவாமல் நிறுத்தும் பட்டைகள் உடலில் சேர்ந்தன.

இன்றைய பயணி விமானத்தில் உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை டன். 1.85 மீட்டர் உயரமும் 0.81 மீட்டர் அகலமும் உள்ள ஏர்பஸ் ஏ320 முன்வாசல் கதவு பறக்கும்போது சுமார் எட்டு டன் விசையைத் தாங்குகிறது. அந்த விசையைத் தாழ்ப்பாள் தாங்குவதில்லை. கதவின் ஓரம் முழுதும் அமைந்த முட்டுகள் சட்டத்தின் முட்டுகளில் உள்ளிருந்து அழுந்துகின்றன; அழுத்தம் கூடக் கூடக் கதவு இறுகுகிறது. திறக்கும்போது கதவு சற்று மேலெழும்பி முட்டுகளிலிருந்து விலகிய பின்பே வெளியே நகரும். உயரத்தில் பறக்கும்போது யாராலும் அதைத் திறக்க முடியாதது இதனால்தான். ஓரத்தில் ஓடும் ரப்பர்க் குழாயில் சிறு துளைகள் உண்டு. உள்காற்று அதில் புகுந்து ரப்பரை உப்பவைத்து இடைவெளியை அடைக்கிறது. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இணைப்புகளில் ரிவெட் அடிக்கும் முன்பே பாலிசல்ஃபைடு பசை தடவப்படுகிறது. ஜன்னலில் இழுத்து வலுவேற்றிய அக்ரிலிக் பலகைகள் இரண்டு. உள்பலகையின் சிறு துளை அழுத்தத்தை வெளிப்பலகையின் மேல் செலுத்துகிறது, வெளிப்பலகை உடைந்தால் உள்பலகை காக்கிறது. ஏ320-இன் முன்வாசல் கதவுகளைச் செய்யும் வேலையை, முன்பு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் எனப்பட்ட பெங்களூரின் எச்.ஏ.எல். 1988-இல் ஏற்றது. ஏ220 விமானத்தின் கதவுகள் அனைத்தையும் செய்யும் ஒப்பந்தம் 2024 பிப்ரவரியில் அதே நகரத்தின் டைனமேட்டிக் நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பெரம்பூரின் கூட்டுக்கு இந்த அழுத்தப் பிரச்சினை இல்லை. அதன் ஜன்னல்கள் திறப்பதற்கே இருந்தன. ஒரு கண்ணாடி ஷட்டர், ஒரு தகட்டு ஷட்டர், குறுக்கே கம்பிகள். வெயில் நாட்டில் மூன்றாம் வகுப்புப் பயணிக்குக் காற்றுதான் குளிர்சாதனம். ஆனால் திறக்கும் ஜன்னல் மழையையும் உள்ளே விடும். ஷட்டரின் அடியில் வழிந்த நீர் ஜன்னல் திட்டின் இடுக்கில் இறங்கி, வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கீழிறங்கி, பக்கச் சுவர் உள்நோக்கி வளைந்து சோல்பாரைத் தொடும் இடத்தில் தேங்கியது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத இடம். சோல்பாரில் வடிகால் துளைகள் உண்டு. தூசியும் வேர்க்கடலைத் தோலும் அவற்றை அடைத்துவிடும். கழிவறைகளின் கீழே நிலைமை இன்னும் கெட்டது. தினமும் கழுவும் நீரும் சிறுநீரும் தள இணைப்புகளில் கசிந்து, அந்த மெல்லிய நெளிதகட்டை அரித்தன. வாசலின் அடியும் அப்படியே.

மரப் பெட்டியில் ஒரு பலகை உளுத்தால் பலகை மட்டும் போகும். இந்தக் கூட்டில் துரு தின்றது பாரம் சுமக்கும் உறுப்பையே. எல்லாமே தாங்குகின்றன என்ற கொள்கையின் மறுபக்கம், எதையும் அரிக்க விடக் கூடாது என்பது. இதை ஈரக்காற்றும் உப்பும் நிறைந்த நாட்டில் நிறைவேற்றுவது சுவிட்சர்லாந்தில் நிறைவேற்றுவதைப் போலில்லை. ஐ.சி.எஃப். கட்டிய பெட்டிகள் குறித்த காலத்துக்கொருமுறை பெரும் பராமரிப்புக்காகப் பணிமனைகளுக்குத் திரும்பின; பக்கத்திலேயே இருந்த பெரம்பூர் கேரியேஜ் பணிமனையும் அவற்றில் ஒன்று. அங்கே உள்பலகைகளைக் கழற்றி, துரு தின்ற பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டுத் துண்டு வைத்துப் பற்றவைப்பது ஆண்டாண்டுக்கும் ஓயாத வேலையாயிற்று. கட்டியவர்கள் ஒரு சாலையில், அதன் விளைவைச் சரிசெய்தவர்கள் அடுத்த சாலையில். பழுது பார்த்தவர்கள் கண்டது வடிவமைப்புக்குத் திரும்பி வந்தது: தாமிரமும் குரோமியமும் சிறிதளவு கலந்த, துருவைத் தாங்கும் எஃகு சாதாரண எஃகின் இடத்தைப் பிடித்தது, கழிவறைப் பகுதித் தளத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வந்தது, வடிகால் துளைகள் பெரிதாயின. பின்னாளில் உயிரிக் கழிவறைகள் பொருத்தி, தண்டவாளத்தில் நேரே விழும் குழாய்களையும் மூடினார்கள்.

ஓட்டைகளை அடைப்பதில் விமானத்துக்கும் இதே பாடம் உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு மேலே அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் முன்கூரை ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். கடற்காற்றில் 89,680 முறை பறந்த விமானம் அது. தகடுகள் படியும் இணைப்பில் ஒட்டுப்பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து, அரிப்பும் களைப்பும் சேர்ந்து ரிவெட் வரிசையைக் கிழித்திருந்தன. இடுக்கில் தேங்கும் நீர் ரயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விமானத்தை ஒரே கணத்தில் தின்றது.

ரயில் பெட்டியை மூட வேண்டிய தேவையை உண்டாக்கியது குளிர்சாதனம். இந்தியாவில் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிகளால் ஆன ரயில் 1956-இல் வந்தது. ராஜதானி எக்ஸ்பிரஸ் 1969 மார்ச்சில் தொடங்கியது. குளிர்காற்றைத் தக்கவைக்க ஜன்னல் திறக்கக் கூடாது. தூசி நுழையாதிருக்க உள்ளே வெளியைவிடச் சற்றே கூடுதல் அழுத்தம் வேண்டும். இரட்டைக் கண்ணாடி, நடுவே அடைபட்ட காற்று, சுற்றிலும் ரப்பர்ச் சட்டம் என்ற அமைப்பு வந்தது. இரண்டு கண்ணாடிக்கும் இடையே பனி படர்ந்து வெளியே எதுவும் தெரியாமற்போன ஜன்னலைப் பார்க்காத பயணி அரிது. ஓர அடைப்பு ஓரிடத்தில் விட்டாலே ஈரக்காற்று உள்ளே போய்விடும். பிறகு அந்தக் கண்ணாடியைத் துடைக்க வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மூடிய ஜன்னலின் இன்னொரு விலை பெரிது. 2013 டிசம்பர் 28 அதிகாலையில் அனந்தபூர் மாவட்டத்தில் பெங்களூர்–நாந்தேட் எக்ஸ்பிரஸின் குளிர்சாதனப் பெட்டி ஒன்று தீப்பிடித்து 26 பேர் இறந்தார்கள். காற்றுப் புகாத பெட்டியில் புகை எவ்வளவு விரைவாகக் கொல்லும் என்பதை நாடு கண்டது. அவசர வழி ஜன்னலும், கண்ணாடி உடைக்கும் சுத்தியலும், புகை உணர் கருவியும் அழகுக்காக வைத்தவை அல்ல.

இதே பாதையின் மேற்கு முனையில் வேறொரு வகை மூடிய கூடு உருவாகிக்கொண்டிருந்தது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் அமைக்கப்பட்டு, 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. 1980களின் பிற்பகுதியில் டி-72 டாங்கிகள் அங்கே உருவாயின. டாங்கியின் கூடு மெல்லிய தகடாக இருக்க வழியில்லை. அது கனத்த கவசத் தகட்டின் பற்றவைப்பு. ஆனால் திறப்பின் பிரச்சினை அங்கும் உண்டு. நச்சு வாயுவோ கதிரியக்கத் தூசியோ உள்ள களத்தில், வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தி வெளியைவிட அழுத்தத்தைச் சிறிதளவு உயர்த்தி வைக்கிறார்கள். எங்காவது இடுக்கு இருந்தால் காற்று வெளியே போகும், நஞ்சு உள்ளே வராது. டி-72 சுவாசக்குழாய் பொருத்திக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழ ஆற்றின் அடித்தரையில் கடந்து போகக் கூடியது. அப்போது மேல்மூடிகளின் ரப்பர் அடைப்பும் சுழலும் கோபுரத்தின் வளைய அடைப்புமே உள்ளிருப்போரின் உயிர். விமானம் உள்ளே காற்றைப் பிடித்துவைக்க மூடுகிறது, டாங்கி வெளியிலிருப்பதைத் தடுக்க மூடுகிறது, குளிர்சாதனப் பெட்டி இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

இரண்டு பெருந்தொழிற்சாலைகளுக்கும் நடுவே, 1960களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. தாழ்ப்பாள், கீல், ரப்பர்ப் பட்டை, அழுத்தித் தந்த தகட்டுறுப்பு, ஜன்னல் சட்டம் எனப் பெட்டிக்குத் தேவையான சிறு பொருள்களைச் சுற்றுப்புறச் சிறு பட்டறைகள் ஏற்றன. முருகப்பா குழுமத்தின் டியூப் ப்ராடக்ட்ஸ் 1955-இல் ஆவடியில் எஃகுக் குழாய் செய்யத் தொடங்கியது; அதே குழுமத்தின் ஆலை ஆவடிக்கு அப்பால் திருநின்றவூரில் கார்க் கதவுச் சட்டங்களை உருளைகளின் வழியே செலுத்தி வடிக்கிறது. தகட்டை உருளைகளில் மடித்து நீளச் சட்டமாக்கும் அந்த முறையே ரயில் பெட்டியின் சட்டங்களுக்கும் பயன்படுவது. இந்தப் பகுதியின் தொழில் வரலாறு இரண்டு பெரிய பெயர்ப்பலகைகளில் அடங்கிவிடாது.

ஷ்லீரன் கூட்டின் ஆட்சி அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1990களின் நடுவில் இந்திய ரயில்வே ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் நிறுவனத்தின் வடிவத்தை வாங்கியது, எல்.எச்.பி. என்று மக்கள் அறிந்த அந்தப் பெட்டிகள் 2000-இல் வந்தன, கபூர்தலாவில் உற்பத்தி தொடங்கியது, பின்னர் பெரம்பூருக்கும் வந்தது. 23.54 மீட்டர் நீளம், பழையதைவிட இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதல். பக்கச் சுவர் துருப்பிடிக்காத எஃகு. நடு இணைப்பான் பொருத்தியதால் மோதலில் பெட்டி ஏறுவது பெருமளவு அடங்கியது. 2018 ஜனவரி 19 அன்று ஐ.சி.எஃப். தன் பழைய வடிவத்தின் கடைசிப் பெட்டியை அனுப்பி வைத்தது. புது ஆவடி சாலையில் 2002-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பழைய பெட்டிகளை நெருங்கிப் பார்க்கலாம். பார்ப்பவர் ஜன்னலுக்குக் கீழே, சுவர் உள்வளையும் இடத்தில் கண் வைத்தால் இந்த வரலாற்றின் பாதி அங்கே இருக்கிறது.

2018 அக்டோபர் 29 அன்று வெளிவந்த டிரெயின் 18, பின்னாளின் வந்தே பாரத், பெரம்பூர் கட்டிய நெடுந்தூர ரயில்களில் முதன்முறையாகத் திறப்புகள் அனைத்தையும் ஒரே அமைப்பாகச் சிந்தித்த ரயில். அத்தகைய ரயில்களில் அதுவரை பயணியின் கையில் இருந்த கதவு ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்குப் போனது. கதவு வெளிப்புறமாக நகர்ந்து திறக்கும். மூடும்போது திரும்பி வந்து சுவர் மட்டத்தில் உள்ளே பதிந்து ரப்பர் விளிம்பை நெருக்கும். ரயில் ஓடும்போது திறக்காது. படி தானாக நீளும், மடங்கும். பெட்டிகளின் இடையே இருந்த பழைய ரப்பர் உறையின் இடத்தில் முழுதும் மூடிய நடைபாதை வந்தது. ஜன்னல்கள் நீண்ட ஒரே கண்ணாடிப் பட்டையாகத் தெரிகின்றன. தூண்கள் கண்ணாடியின் பின்னே மறைந்திருக்கின்றன. பழைய பெட்டியின் கம்பி ஜன்னலில் கல் பட்டால் ஒரு ஷட்டர் போகும். இதில் ஒரு முழுக் கண்ணாடியும் அதன் அடைப்பும் போகும். கல்வீச்சுச் செய்திகள் வரும்போது அதன் செலவு இத்தனை பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

புறநகர் ரயிலில் மாற்றம் மெதுவாக வருகிறது. சென்னையின் வழக்கமான மின்ரயில் பெட்டிகளுக்கு வாசல் உண்டு, மூடும் கதவு நடைமுறையில் இல்லை. படிக்கட்டுப் பயணத்தில் விழுந்து இறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கதவு மூட வேண்டுமானால் உள்ளே காற்று வேண்டும். நெரிசலில் காற்று வேண்டுமானால் குளிர்சாதனம் வேண்டும். ஐ.சி.எஃப். கட்டிய முதல் குளிர்சாதனப் புறநகர் ரயில் 2017 டிசம்பர் 25 அன்று மும்பையில் ஓடத் தொடங்கியது. கட்டிய ஊருக்கு அத்தகைய ரயில் கிடைத்தது 2025 ஏப்ரல் 19 அன்று, கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில்.

அடுத்த படி விமானத்துக்கு இன்னும் நெருக்கமானது. மிகு வேக ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னே காற்று நெருங்கி அழுத்த அலை எழும். பெட்டி நன்கு மூடாவிட்டால் பயணியின் காதில் வலி வரும். ஜப்பான் 1964-இல் தன் முதல் ஷிங்கன்சென் பெட்டிகளையே காற்றுப் புகாதபடி கட்டியதற்குக் காரணம் இது. மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கும் எட்டுப் பெட்டி ரயில்கள் இரண்டைச் செய்ய 2024 அக்டோபரில் ஐ.சி.எஃப். பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு 866.87 கோடி ரூபாய் ஒப்பந்தம் அளித்தது. அந்த வேகத்தில் கதவின் ரப்பர் வெறும் மழைத் தடுப்பாக இருக்க முடியாது. உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி வரும் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். கண்ணாடியின் பசை அந்த அசைவில் களைக்கக் கூடாது. குளிர்சாதனத்தின் காற்று வாய்கூடச் சுரங்கத்தில் மூடிக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கருவிகளால் சோதனை உண்டு. தொழிற்சாலையில் அன்றாடம் நடப்பது அதைவிட எளியது. முடிந்த பெட்டியின் கதவுகளையும் ஜன்னல்களையும் மூடி, கூரையிலும் பக்கங்களிலும் மழைபோலத் தண்ணீரைப் பீய்ச்சி, உள்ளே ஆட்கள் ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து வருகிறார்கள். ஈரம் தெரிந்த இடத்தில் அடைப்பைப் பிரித்து மீண்டும் செய்து, திரும்பவும் தண்ணீர் அடித்துப் பார்த்த பின்பே பெட்டி வெளியே போகும்.